நாலு கை வேலை

இது நடந்தது. இட்டுக்கட்டிய கதை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காளியப்பன் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூடத் தேதியையோ மணியையோ மாற்றிச் சொன்னதில்லை. பொய் சொல்கிறவனுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். நடுச்சாமம், சுடுகாடு, புளியமரம் எதுவும் இதில் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். பிற்பகல் மூன்றரை மணிக்கு.

வருஷம் 1932. ஜொகூரில் கூலாய்க்கு வடக்கே, இருபத்து மூன்றாம் மைல் கட்டையில் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனதும் தோட்டத்தை மூடிவிட்டார்கள். துரை சீமைக்குப் போனார். லயத்தில் இருந்த நூற்றெண்பது பேரையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள். தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்த காளியப்பன். வயது இருபத்தெட்டு.

ஓர் ஆளுக்குத்தான் அரிசி என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவன் மனைவி வெள்ளையம்மாவும் கப்பலேற வேண்டியதாயிற்று. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அங்கே போய் இருப்பது, காளியப்பனுக்கு வேறு வேலை கிடைத்ததும் திரும்பி வருவது என்று பேச்சு.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் அவளை ஏற்றிவிட்டான். வெள்ளையம்மா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரி. வலது கை ஆள்காட்டி விரலில், கத்தி வழுக்கி வெட்டிய தழும்பு ஒன்று பூரான் மாதிரி குறுக்கே ஓடும். அந்தக் கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஒத்தையில கெடந்து கண்டதையும் நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க. கைக்கு ஏதாச்சும் வேல குடுங்க."

"வேல கெடச்சதும் டிக்கெட் அனுப்புறேன்."

"அனுப்புங்க. இல்லாட்டி நானே வந்துருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். நாற்பது வீடு லயம், நாற்பதும் காலி. காற்றடித்தால் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொள்ளும். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக் கணக்கெடுப்புக்கு, ஆள் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்க ஆளில்லை. ரப்பர் காய் வெடிக்கும் மாதம் அது. 'டப்' என்று எங்கேயாவது வெடிக்கும். முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தான். யாராவது வருகிறார்களோ என்று.

லயத்து ஜனங்கள் விட்டுப்போன நாய்கள் வீட்டு வாசல்களில் படுத்துக் காத்துக் கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போய்விட்டன. ஒரு கறுப்பு நாய் மட்டும் போகவில்லை. வெள்ளையம்மா சோறு போட்ட நாய் அது.

தன் வீட்டில் படுக்க அவனால் முடியவில்லை. அவளுடைய புடவைக் கொடி வெறுமையாகத் தொங்கியது. பாயைச் சுருட்டிக்கொண்டு லாரிக் கொட்டகைக்கு வந்துவிட்டான். ஆபீஸில் சும்மா ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தையும் கழற்றி வந்து கொட்டகையில் மாட்டினான். டக்... டக்... என்று ஏதாவது ஒன்று பேசட்டும் என்று.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தோமஸ் கூலாய் டவுனில் குடியிருந்தார். சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். அரிசியும் கருவாடும் கொடுப்பார். கடுதாசி வந்திருந்தால் கொடுப்பார். வெள்ளையம்மா போய் இறங்கியதாக ஒரே ஒரு கார்டு வந்தது. அப்புறம் எதுவும் இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கூலாயில் சபாபதி முதலாளியைப் பார்த்தான். கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் இரண்டு பஸ் ஓட்டுகிறவர். அவருடைய பஸ் இஞ்சின்களைப் பார்த்துவந்த பிட்டர் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தான்.

"இஞ்சின் அவுத்துப் பூட்டத் தெரியுமா?"

"கூட நின்னு பாத்திருக்கேன் மொதலாளி."

"பாத்தா போதுமா? ஒத்தையாளா அவுக்கணும், ஒத்தையாளா பூட்டணும். என் கொட்டாயில எடுபிடி கெடையாது."

"பழகிக்கிறேன்."

சபாபதி அவனைத் தன் பஸ் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடிக் கிடந்த ஒன்றைக் காலால் தட்டினார். பழைய இஞ்சின்.

"இதுல பழகு. ஒடச்சாலும் கேக்க மாட்டேன். டிசம்பர் ஒண்ணாந் தேதி வந்து என் கண்ணு முன்னால பூட்டிக் காட்டு. பூட்டிட்டா வேல ஒனக்கு."

வேலை என்றால் டிக்கெட். டிக்கெட் என்றால் வெள்ளையம்மா.

இதைக் கேட்கிறவர்கள் உடனே ஒன்று கேட்பார்கள். அந்த இஞ்சின் எந்த விபத்தில் சிக்கியது, யாரைக் கொன்றது என்று. யாரையும் கொல்லவில்லை. காளியப்பன் பின்னால் நன்றாக விசாரித்துவிட்டான். தேய்ந்துபோனதால் கழற்றிப் போட்ட இஞ்சின். அவ்வளவுதான்.

மாட்டு வண்டியில் அது தோட்டத்துக்கு வந்தது. கூடவே பிஸ்டனுக்குப் போடும் ரிங் இரண்டு டஜனும், இங்கிலீஷில் ஒரு புத்தகமும். காளியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

முதல் தடவை அவிழ்க்க ஒன்பது நாள் ஆயிற்று. சாக்குகளை விரித்து, ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் அவிழ்த்த வரிசையிலேயே வைத்தான். எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க, சிமெண்டுத் தரையில் கரியால் அதனதன் உருவத்தை வரைந்துகொண்டான். மண்ணெண்ணெய் டின்னில் முக்கிக் கழுவினான். வால்வுகளைப் பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தண்டை உருட்டி உருட்டி, மத்துக் கடைவது மாதிரி அரைத்தான். சர்ர்ர்... சர்ர்ர்... ஒரு சுற்று வெள்ளி மாதிரி பளபளப்பு வந்ததும் அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. காட்டுவதற்குத்தான் ஆளில்லை. நாயிடம் காட்டினான்.

எல்லாம் வந்தது. ஓரிடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டான்.

அடிப்பெட்டியில் பிஸ்டன்கள் குத்திட்டு நிற்கும். அவற்றின்மேல் சிலிண்டர் பிளாக்கை, கிணற்றுக்கு உறை இறக்குகிற மாதிரி, மேலிருந்து இறக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றி மூன்று ரிங். வளையல் மாதிரி இருக்கும், ஓரிடத்தில் வெட்டுப்பட்டு விரிந்து நிற்கும். விரலால் அமுக்கிச் சுருக்கிப் பிடித்தால்தான் பிளாக் அதன்மேல் இறங்கும். கொஞ்சம் பிசகினால் 'டிக்' என்று ஒடிந்துவிடும்.

ஒரு பிளாக்குக்கு இரண்டு பிஸ்டன். பிளாக்கோ அரிசி மூட்டைக் கனம். விட்டத்தில் கப்பி மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டான். ஒரு கை கயிற்றுக்கு. ஒரு கை முதல் பிஸ்டனுக்கு. அந்தப் பக்கத்துப் பிஸ்டனுக்குக் கை இல்லை.

டிக்.

நூல் கட்டிப் பார்த்தான். நூலும் சேர்ந்து உள்ளே போய்ச் சிக்கியது. டிக்.

புத்தகத்தில் அந்த வேலைக்கு ஒரு படம் இருந்தது. அதில் ஆள் இல்லை. வெறும் கைகள். இரண்டு கை பிளாக்கைப் பிடித்திருக்கும். இரண்டு கை ரிங்கை அமுக்கியிருக்கும். நாலு கை.

தோமஸிடம் கேட்டான். "கிராணியாரே, ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் பக்கத்து ரிங்கப் பிடிங்களேன்."

தோமஸ் தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு நான் பிடிச்சிருவேன் காளி. சபாபதி கொட்டாயில யார் வந்து பிடிப்பா?"

நியாயம்தான். அவர் போனபிறகு மிச்சமிருந்த ரிங்கை எண்ணினான். ஒன்பது.

அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. மழை. கடிகாரத்தில் மணி 3.30.

கயிற்றை இடது கையில் பிடித்தான். இந்தப் பக்கத்து ரிங்கை வலது கையால் அமுக்கினான். கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பக்கத்திலிருந்து 'டிக்' சத்தம் வருவதற்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

பிளாக் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதல் ரிங்... இரண்டாவது... மூன்றாவது... போய் உட்கார்ந்துவிட்டது.

அதிர்ஷ்டம் என்று நினைத்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அதையே திரும்பச் செய்தான். டிக். அன்று பிற்பகல் மூன்றரைக்குச் செய்தான். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்கடுத்த நாள் காலை, டிக். மூன்றரைக்கு, சத்தமே இல்லை.

அதற்குமேல் காலையில் செய்து பார்க்கவில்லை.

வேறு சிலதும் அவன் கண்ணில் பட்டன. வேலை முடிந்து கை கழுவ மண்ணெண்ணெய் டின்னிடம் போனால், அவன் கை வைப்பதற்கு முன்பே எண்ணெய் ஆடிக்கொண்டிருக்கும். இப்போதுதான் யாரோ கை முக்கி எடுத்த மாதிரி. அப்புறம் அந்த நாய். மூன்றரை மணி ஆனால் எழுந்து வந்து வாசலில் உட்காரும். இஞ்சினின் அந்தப் பக்கத்தைப் பார்த்து வாலை ஆட்டும்.

அந்தப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

அக்டோபர் 20, வியாழக்கிழமை. கண்ணை மூடிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தான். கயிற்றைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து அந்தப் பக்கத்துப் பிஸ்டனைப் பார்த்தான்.

ரிங் விரிந்து நின்றது.

மணி 3.30.

ரிங் சுருங்கியது. வெட்டுப்பட்ட இடம் மெதுவாக... வாய் மூடுவது போல... மூடிக்கொண்டது. அதைத் தொட்டுக்கொண்டு எதுவும் இல்லை. யாரும் இல்லை.

ஓடப் பார்த்தான். கயிற்றை விட்டால் பிளாக் விழும். விடவும் முடியாது. என்ன தோன்றியதோ, வலது கையை எடுத்துப் பிஸ்டனைச் சுற்றி அந்தப் பக்கம் நீட்டினான்.

விரல்கள் தட்டுப்பட்டன.

சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொரு விரலாகத் தடவினான். அவை அசையவில்லை, ரிங்கை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தன. ஆள்காட்டி விரலின் குறுக்கே மேடாக ஒரு தழும்பு.

பூரான் மாதிரி.

பிளாக்கை இறக்கி முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அந்த ஒரு கார்டுக்குப் பிறகு ஏன் கடுதாசி இல்லை என்று விளங்கிவிட்டது.

வெள்ளையம்மா செத்துப்போயிருக்கிறாள்.

சனிக்கிழமை தோமஸ் வந்தார். "கடுதாசி எதுவும் இல்ல காளி."

"வராது" என்றான்.

தோமஸ் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அவன் அழுதான். ஆனால் கருமாதி எதுவும் செய்யவில்லை. காகத்துக்கு ஒரு பிடி சோறுகூட வைக்கவில்லை. செய்துவிட்டால் அவள் போய்விடுவாள் என்ற பயம்.

அன்று முதல் அவனுடைய நாள் இப்படி ஆயிற்று. காலையில் இஞ்சினை அவிழ்ப்பான். கழுவுவான். மத்தியானம் குளித்துவிட்டு வந்து பூட்ட ஆரம்பிப்பான். மூன்றரைக்குப் பிளாக்கைத் தூக்கித் தொங்கவிட்டுக் கயிற்றோடு நிற்பான். அவள் வருவாள். அரை மணி நேரம். இந்தப் பக்கம் இரண்டு கை, அந்தப் பக்கம் இரண்டு கை. நடுவே இரும்பு.

பேசுவான். கறுப்பு நாய் இளைத்துப்போனதைச் சொல்வான். தீபாவளியன்று கருவாடுதான் என்று சொல்வான். "பாத்து... ரிங்கு ஒடிஞ்சிரும்" என்பான். பதில் வராது. விரல்கள் கொஞ்சம் இறுகும். அதுவே போதும் என்று இருந்தது. அந்த நூற்றெண்பது பேர் இருந்த தோட்டத்தில் அவனுக்கு அந்த அரை மணி நேரம்தான் துணை.

கையும் பழகிக்கொண்டே வந்தது. ஒன்பது நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது.

நவம்பர் 10இலிருந்து ஏதோ சரியில்லை. கை தாமதமாக வந்தது. 3.34க்கு. மறுநாள் 3.41க்கு. வந்தாலும் ரிங் நிலையாக நிற்கவில்லை. லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. குளிர்காய்ச்சல் கண்டவர்கள் கை மாதிரி.

"ஒடம்பு முடியலயா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான், செத்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று தோன்றியது.

நவம்பர் 18, வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்து மழை. கொட்டகைக் கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் கடிகாரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

3.30. பிளாக் தொங்கியது. அவன் நின்றான். வரவில்லை.

3.40. வரவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

3.52.

நாய் எழுந்தது. வாலை ஆட்டவில்லை. காதை மடக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தது. மழைக்குள் போய் நின்றது. நனைந்துகொண்டே நின்றது.

ரிங் சுருங்கியது.

"வந்துட்டியா" என்றான். இறக்க ஆரம்பித்தான்.

முதல் ரிங் உள்ளே போயிற்று. இரண்டாவது...

சளப்.

நின்றான்.

சளப்... சளப்...

ஈரமான இலைகளைக் கட்டாகச் சேர்த்து எதையோ அடிக்கிற சத்தம். மழையில் இல்லை. வெளியே இல்லை. இஞ்சினின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம்.

ஒவ்வொரு அடிக்கும் ரிங் துள்ளியது.

"வெள்ளையம்மா..."

சளப்.

அவன் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

இத்தனை நாளும் அது அவனைப் பிடித்ததில்லை. அவன்தான் தொட்டிருக்கிறான். இப்போது அது பிடித்தது. நகம் சதையில் இறங்கியது. இழுத்தது. அந்தப் பக்கம் இழுத்தது. யாரோ அவளைப் பின்னாலிருந்து இழுக்க... அவள் அவனைப் பிடித்துத் தொங்குவது போல...

சளப். சளப். சளப்.

தோள் இஞ்சினில் மோதியது. கயிறு நழுவியது.

"விடு" என்று கத்தினான். "விடு புள்ள."

விடவில்லை.

அவன் கயிற்றை விட்டான்.

டங்.

பிளாக் உட்கார்ந்துவிட்டது. இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. அவன் கை வெளியே இருந்தது. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. ரத்தம் மட்டும்.

இலைச் சத்தம் நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தான். 3.57.

பிறகு... பிளாக்குக்கு உள்ளேயிருந்து...

டொக்.

இரும்பு இரும்பில் இடிக்கிற சத்தம் அவனுக்குத் தெரியும். இது வேறு.

டொக்... டொக்...

விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற சத்தம்.

ஓடினான். செருப்பில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் கூலாய் போகும் ரோடு வரைக்கும் ஓடினான். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். ஒரு மனிதன் இல்லை.

மூன்று நாள் சபாபதியின் கொட்டகையில் காய்ச்சலோடு கிடந்தான். சபாபதி அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"என்ன கடிச்சிச்சு?"

"நாய்."

டிசம்பர் ஒன்றாம் தேதி சொன்னபடி, அங்கே அவிழ்த்துக் கிடந்த ஒரு பஸ் இஞ்சினைப் பூட்டிக் காட்டினான். கயிற்றைத் தன் இடது காலில் சுற்றிக்கொண்டான். காலாலேயே பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். இரண்டு கையும் ரிங்குக்கு. ஒன்றுகூட ஒடியவில்லை. சபாபதி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"யார்கிட்டடா கத்துக்கிட்ட?"

"யாரும் இல்ல மொதலாளி."

வேலை கிடைத்தது. டிக்கெட் அனுப்ப ஆள்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தான். தோட்டத்துப் பக்கம் அவன் போகவே இல்லை. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி தோமஸிடம் சொல்லிவிட்டான்.

1933 பிப்ரவரியில் தோமஸ் சைக்கிளில் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு தடித்த கவர். ஊர்க் கடுதாசி.

காளியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையும் இல்லை என்று நினைத்தான். மச்சான் எழுதிய சாவுச் செய்தி. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

தோமஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பிரிய புருஷர் காளியப்பன் அவர்களுக்கு, அடியாள் வெள்ளையம்மா வாத்தியாரைக் கொண்டு எழுதிக்கொண்டது..."

"என்ன சொன்னீங்க?"

"வெள்ளையம்மா. ஒன் பெண்சாதி. என்னடா முழிக்கிற?"

காளியப்பன் சிரித்தான். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். உயிரோடு இருக்கிறாள். எல்லாம் தன் பைத்தியம். தனியாகக் கிடந்து பிடித்த பைத்தியம்.

தோமஸ் மேலே படித்தார்.

"...இங்கு வந்து ஒரு மாதத்துக்கெல்லாம் எனக்கு ஒரு கோளாறு கண்டது. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்த இடத்தில் மயங்கிக் கிடப்பேனாம். எழுப்பினால் எழ மாட்டேனாம். விழிக்கும்போது கை இரண்டும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண் கறுப்பு போகாது. மலாய் நாட்டுப் பேய் கூடவே வந்துவிட்டது என்று அண்ணன் கோடங்கியை அழைத்துவந்தார். எட்டு நாள் பட்டினி போட்டார்கள். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் உடுக்கை அடித்து வேப்பிலையால் அடித்தார்கள். அப்போது நான், 'அடிக்காதீங்க, ரிங்கு ஒடிஞ்சிரும், ரிங்கு ஒடிஞ்சிரும்' என்று கத்தினேனாம். ரிங்கு என்றால் என்னவென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்..."

தோமஸ் நிறுத்தினார். காளியப்பனைப் பார்த்தார்.

"தேதி?" என்றான் காளியப்பன்.

தோமஸ் விரல் விட்டு எண்ணினார். "கார்த்திகை மொத வெள்ளி... நவம்பர் பதினெட்டு."

"மணி எழுதியிருக்கா?"

"ரெண்டரை மணி சுமாருக்குப் பேய் வெளியேறியதுன்னு இருக்கு."

காளியப்பன் மூச்சு விட்டான். "அப்ப இல்ல கிராணியாரே. எனக்கு நடந்தது நாலு மணிக்கு."

தோமஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அங்க ரெண்டரைன்னா இங்க நாலுடா. ஒன்றரை மணி வித்தியாசம்."

 கடுதாசியில் இன்னும் நாலு வரி இருந்தது.

"...இப்போது மயக்கம் வருவதில்லை. உடம்பு தேவலை. ஆனால் அன்று முதல் வலது கையில் உணர்ச்சி இல்லை. சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. வைத்தியர், கையில் ஒரு குறையும் இல்லை என்கிறார். கை இங்கேதான் இருக்கிறது. ஆனால் இங்கே இல்லாத மாதிரி இருக்கிறது."

"அந்த இஞ்சின்" என்றான் காளியப்பன். "தோட்டத்துக் கொட்டாயில கெடந்த இஞ்சின்."

"அதையா? ஜனவரியில ஒரு யாவாரி பழைய சாமான் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டான். நீதான் வேணாம்னு விட்டுட்டியேன்னு சபாபதியக் கேட்டேன். குடுத்துருன்னாரு."

"எங்க கொண்டு போனான்?"

"பொந்தியான்னு சொன்னான். குளுவாங்கோ என்னவோ. ஞாபகம் இல்ல."

காளியப்பன் தேடினான். ஓய்வு கிடைத்த நாளெல்லாம் போய்த் தேடினான். ரோட்டோரம் நிற்கும் லாரிகளின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். அதே மாதிரி இஞ்சின் ஜொகூரில் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எதன்மேல் காதை வைத்தாலும் இரைச்சல்தான் கேட்டது.

1934இல் வெள்ளையம்மா வந்து சேர்ந்தாள். சிங்கப்பூர் துறையில் அவனைப் பார்த்ததும் இடது கையைத்தான் நீட்டினாள். அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் மறுக்கவில்லை, நம்பவுமில்லை. "கனவுல மழை பெய்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் திருத்துறைப்பூண்டியில் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்து, ஒரு பொட்டுகூட விழவில்லை.

கூலாயில் குடியிருந்தார்கள். வலது கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகிவிட்டாள். பார்க்காமல் விட்டால் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாது. ஒரு நாள் அடுப்பிலிருந்த பானையை அந்தக் கையாலேயே இறக்கினாள். தோல் வெந்துவிட்டது. அவளுக்கு வலிக்கவில்லை.

அப்புறம் 1935 மார்ச் மாதம். ஒரு திங்கட்கிழமை, காலை 7.10. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க. கை சுடுது."

இரண்டரை வருஷத்தில் முதல் தடவை. காளியப்பன் சந்தோஷத்தோடு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தான். உடனே விட்டுவிட்டான். வைத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. கை அதிர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் இல்லை அது. ஒரே சீராக, மெல்லிசாக, இடைவிடாமல்... ஓடும் இஞ்சின்மேல் அவன் தினமும் உள்ளங்கை வைத்துப் பார்க்கிற அதிர்வு.

நாலு சிலிண்டர். ஒன்றில் ரிங் சரியில்லை.

மாலை 5.40க்கு அதிர்வு நின்றது. பிறகு கை ஆற ஆரம்பித்தது. இரவு முழுவதும் ஆறியது.

மறுநாள் காலை 7.10க்குத் திரும்பவும் சுட்டது. அதற்கு மறுநாளும். வாரத்தில் ஆறு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை குளிர்ந்து கிடந்தது.